தீம் பார்க்குக்கு ஓர் ஒத்திகை

வண்டியை நிறுத்துவதில் சந்திரசேகரனை மிஞ்சப் பினாங்குத் தீவிலேயே ஆள் கிடையாது. இப்படிச் சொன்னது வேறு யாருமல்ல, சந்திரசேகரனேதான். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் பேருந்தை அவர் பல வருடங்களாக ஓட்டிவந்தார். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. எவ்வளவு இடுக்கான சந்தாக இருந்தாலும் ஒரே மூச்சில் பின்னால் எடுத்துச் செருகிவிடுவார். அப்புறம் கீழே இறங்கி, யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் ஒரு பார்வை.

அவருக்கு ஒரே மகள், வசுமதி. பதினொரு வயது. பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே பலமில்லை. அந்தப் பலமும் சேர்ந்து வாய்க்குப் போய்விட்டது என்பாள் அவர் மனைவி நவமணி. ஏதோ ஒரு சங்கத்தார் கொடுத்த சக்கர நாற்காலி வீட்டில் இருந்தது. பெரியவர்கள் உட்காரும் நாற்காலி. வசு முதுகுக்குத் தலையணையை முட்டுக்கொடுத்து அதில் அமர்ந்து, கெலுகோரில் இருந்த அவர்கள் வீட்டு வாசலில் இருந்தபடியே தெருவை ஆண்டுவந்தாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பாலத்தைத் தாண்டி அக்கரையில் புதிதாக ஒரு தீம் பார்க் திறந்திருந்தார்கள். பெரியப்பா பிள்ளைகள் போய்வந்து வாய் ஓயாமல் அதையே பேச, வசு அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் போகணும்பா."

"பார்க்கிங் எப்படின்னு தெரியலையேம்மா," என்றார் சந்திரசேகரன். கோயில் திருவிழாவானாலும் சாவு வீடானாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

நவமணியின் கவலை வேறு. போன வருடம் தாவரப் பூங்காவுக்குப் போனபோது நாற்காலி ஒரு வாய்க்காலைத் தாண்டமாட்டேன் என்று நின்றுவிட்டது. சந்திரசேகரன் யோசிக்காமல் மகளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நடந்தார். "அரிசி மூட்டை மாதிரி தூக்காதீங்கப்பா!" என்று வசு அழுத அழுகையில், அங்கிருந்த குரங்குகளே கிளையில் ஒதுங்கி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன.

"இந்தத் தடவை முதல்ல நாம மட்டும் போய்ப் பாத்துட்டு வருவோம்," என்றாள் நவமணி. "எங்க நிறுத்துறது, எங்க படி, கக்கூஸ் கதவுல நாற்காலி நுழையுமா, எல்லாம் பாக்கணும். நாற்காலியக் கொண்டுபோனாத்தான் தெரியும்."

"காலி நாற்காலியத் தள்ளிக்கிட்டு அலையப் போறியா?"

"காலியா எதுக்கு? நீங்க உக்காருங்க."

"நீ உக்காரு, நான் தள்றேன்லா."

"தினமும் தள்றது நான்தானே. உங்களையே தள்ளிட்டேன்னா அப்புறம் அவ எனக்குப் பஞ்சு."

நவமணி முடிவெடுத்தால் அதற்குப் பின்கதவு கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வசுவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு சலேஹாவை வரச்சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். டட்சன் காரின் பின்னால் நாற்காலியை மடித்து வைக்கும்போது வசு சன்னல் வழியே பார்த்துவிட்டாள்.

"கல்யாணத்துக்கு என் நாற்காலி எதுக்கு?"

"அப்பாவுக்கு முட்டி வலிம்மா," என்றாள் நவமணி, முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல்.

"கெசியான்லா அண்ணே," என்று சலேஹா மலாயில் இரக்கப்பட்டு உச்சுக்கொட்டினாள். பாவப்பட்ட சந்திரசேகரன் நொண்டிக்கொண்டே போய்க் காரில் ஏறவேண்டியதாயிற்று.

தீம் பார்க்கில் அவர் வாசலுக்கு மிக அருகில், மரநிழலில், அளந்துவைத்தாற்போல் காரை நிறுத்தினார். நாற்காலியில் உட்கார்ந்து, "எப்படி?" என்றார் பெருமையாக. கீழே முழுக்க ஜல்லிக்கல். நவமணி தள்ளினாள், சக்கரம் புதைந்தது. இன்னும் வேகமாகத் தள்ளினாள். சந்திரசேகரன் மட்டும் முன்னால் போனார்.

"நல்லா நிறுத்தினீங்க போங்க," என்றாள், அவரைத் தூக்கி உட்காரவைத்துக்கொண்டே.

கார்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்த காவல்காரன், அந்த ஊர்ப் பேச்சில் ஜாகா, இதைப் பார்த்து ஓடிவந்தான். சாமான் வண்டிகள் போகும் சிமெண்டுப் பாதை பக்கவாட்டில் இருப்பதைக் காட்டி, காரை அங்கேயே கொண்டுவந்து விடச்சொன்னான். நாற்காலிக்காரர் தானே எழுந்து போய்க் காரை ஓட்டிவர முடியாதல்லவா? நவமணிக்குக் கார் ஓட்டத் தெரியாது. "பரவால்ல தம்பி, அடுத்த தடவை," என்று சமாளித்தாள்.

டிக்கெட் கொடுத்த பெண் சந்திரசேகரனின் தலைக்கு மேலாக நவமணியைப் பார்த்து, "அங்கிள் வெயில் தாங்குவாரா? ஐஸ்கிரீம் சாப்பிடுவாரா?" என்று கேட்டாள்.

"அங்கிளுக்கு வாய் இருக்கு!" என்றார் சந்திரசேகரன். அந்தப் பெண் அவரைப் பார்த்து, குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல் சிரித்தாள்.

படகுச் சவாரிக்குப் போனால் நாலு படி. அங்கிருந்தவன் மரியாதையாகத்தான் பேசினான். அங்கிளை ஏற்றமுடியாது, வழியை அடைக்காமல் ஓரமாக இருக்கட்டும் என்று தானே தள்ளிக்கொண்டு போய், ஒரு சுவரைப் பார்த்தாற்போல் விட்டான். நவமணி சக்கரத்துக்குப் பிரேக் போட்டாள்.

"கக்கூஸ் பாத்துட்டு வரேன். எழுந்துடாதீங்க, மானம் போயிடும்."

ஊர் வண்டியையெல்லாம் நிறுத்துகிறவரை இப்போது ஒருத்தி நிறுத்திவிட்டுப் போய்விட்டாள். அதுவும் சுவரைப் பார்த்து. முதுகுக்குப் பின்னால் தண்ணீர் தெறித்தது, பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். திரும்பிப் பார்க்கக் கழுத்து ஓர் அளவுக்குமேல் வளையவில்லை. சுவரில் ஓர் எறும்பு வரிசை, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்மலைக் கோயில் கூட்டத்தில் யாருக்கும் இடைஞ்சலில்லாத மூலையாகப் பார்த்து வசுவை விட்டுவிட்டு, கையில் ஒரு பானப் பொட்டலத்தைக் கொடுத்து, "இங்கயே இரு கண்ணு" என்று சொல்லிப் போவது அவர்தான். நல்ல இடம் பார்த்து நிறுத்தியதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"அங்கிள்! என்னாச்சு அங்கிள்?"

ரொஸ்னா. அவர் பேருந்தில் தினமும் முன் இருக்கையில் வருகிறவள். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. "கொஞ்சம்... முட்டி..." என்று இழுத்தார் சந்திரசேகரன். அதற்குமேல் பொய் வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

மறுநாள் திங்கள் பொது விடுமுறை. அவர் பேருந்தோடு வந்து நிற்பதை யாரும் பார்க்காததால் செய்தி தாராளமாகப் பரவியது. மாலையில் ரொஸ்னா இன்னும் இரண்டு பெண்களையும், இன்னொரு பேருந்து ஓட்டும் அலாவுதீனையும் கூட்டிக்கொண்டு, ஆரஞ்சுப் பழமும் மைலோ டின்னுமாகக் கெலுகோர் வீட்டுக்கு வந்தாள். வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். சந்திரசேகரன் கூரைமேல் நின்று டிவி ஏரியலைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணே," என்றார் அலாவுதீன் அண்ணாந்து பார்த்து, "உங்களுக்கு ரெண்டு காலும் போயிடுச்சுன்னாங்களே?"

எல்லாம் வெளியே வந்தது. ரொஸ்னாவுக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை; கொண்டுவந்த ஆரஞ்சை உரித்துத் தானே தின்றாள். வசுதான் சிரிக்கவில்லை.

"என் நாற்காலியில நீங்க மட்டும் போயிட்டு வந்தீங்களா?"

"உனக்காகத்தான்மா, இடம் பாக்க..."

"படகுல ஏறினீங்களா?"

"விடல. சுவரப் பாத்து உக்கார வெச்சுட்டாங்க."

வசு அவரை உற்றுப் பார்த்தாள். "சுவத்துல என்ன இருந்துச்சு?"

"எறும்பு."

"எனக்குப் பல்லி," என்றாள் வசு. "கோயில்ல."

சந்திரசேகரன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "நீ சொல்லு. அங்க போனா உனக்கு என்ன வேணும்?" இந்தக் கேள்வியை அதுவரை வீட்டில் யாரும் கேட்டிருக்கவில்லை.

"மோதுற காரு."

ஒரு கீறல் கூடப் படாமல் வண்டி ஓட்டியவர் அவசரமாகப் பேச்சை மாற்றினார். படகு, ராட்டினம், பொம்மை ரயில் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவள் மசியவில்லை.

மாதக் கடைசியில் மூவருமாகப் போனார்கள். சிமெண்டுப் பாதையோரம் காரை நிறுத்தினார். வளைந்துதான் நின்றது, சரிசெய்யப் பொறுமையில்லை. ஜாகா அவர் இரண்டு காலில் இறங்குவதைப் பார்த்து வாயைப் பிளந்தான். டிக்கெட் பெண் நவமணியிடம், "பாப்பாவுக்கு..." என்று தொடங்கியதும், "அவளையே கேளுங்க," என்றார் சந்திரசேகரன்.

மோதும் கார் மேடைக்கும் ஒரு படி இருந்தது. அங்கிருந்த ஆள் தயங்கினான். வசு மலாய்மொழியில் தானே பேசினாள்: "நான்தான் ஓட்டுவேன். அப்பா பெடல மட்டும் மிதிப்பாரு. நீங்க ஒரு பக்கம் பிடிங்க, அவரு ஒரு பக்கம். மூட்டை மாதிரி தூக்கக் கூடாது." அவன் தலையாட்டினான்.

அந்தக் குட்டிக் காருக்குள் சந்திரசேகரனின் உடம்பு பாதிதான் அடங்கியது. மணி அடித்தது. முதலில் ஒரு சீனப் பையனை இடித்தாள். பிறகு அவன் அப்பாவை. பிறகு, தனியாக ஒரு காரில் ஏறி ஓரமாகப் பத்திரமாக ஊர்ந்துகொண்டிருந்த நவமணியைக் குறிபார்த்துப் போய் முட்டினாள். நவமணி போட்ட கத்தலில் வெளியே நின்றவர்கள் கைதட்டினார்கள். சந்திரசேகரன் ஒவ்வோர் இடிக்கும் கண்ணை மூடிக்கொண்டார். மூடும்போதெல்லாம் கால் பெடலை விட்டுவிட்டது.

"அப்பா, என்ன தூங்குறீங்க?" என்று வசு கத்தினாள், முகமெல்லாம் வியர்வையும் சிரிப்புமாக. "மிதிங்க!"

அவர் மிதித்தார்.