இலை திரும்பிய அத்தியாயம்

மேலப்பாளையத்தில் கமர் நிஷாவின் வீட்டு முன்னறையில், ஒரு புத்தகம் நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்க ஒரு முறை உண்டு. பத்திரிகைகளில் மதிப்புரை எழுதுகிறவர்களுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் பல எழுத்தாளர்கள் அந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறு பெண்கள் அந்த அறையில் கூடுவார்கள். ஐந்து பேர் சுளவை, அதாவது முறத்தை, மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். ஆறாவது ஆளான ரைஹானத் புத்தகம் வாசிப்பாள். புத்தகம் பிடித்திருக்கிற கை பீடி சுற்றமுடியாது. ஆகவே அவளுடைய இலைக்கட்டை ஐவரும் பிரித்தெடுத்துக்கொண்டு, தங்கள் பீடியோடு அவள் பீடியையும் சுற்றிக் கொடுப்பார்கள். புத்தகம் அவர்கள் மனசுக்குப் பிடித்திருக்கும் மட்டும் இந்த ஏற்பாடு. பிடிக்காமல் போனால் யாரும் வாய் திறந்து குறை சொல்வதில்லை. எடுத்த இலையைத் திரும்ப அவள் சுளவில் வைத்துவிடுவார்கள். "இலை திரும்பிட்டு" என்றால் அந்தப் புத்தகத்தின் கதை முடிந்தது. ரைஹானத் அதை மூடி வைத்துவிட்டு, விட்ட வேலையைப் பிடிக்க விழுந்தடித்துக்கொண்டு சுற்றவேண்டும்.

ரைஹானத்துக்கு வயது நாற்பத்து மூன்று. கணவர் சவூதியில், தம்மாமில் லாரி ஓட்டுகிறார். ஒரே மகள் கல்லூரியில் படிக்கிறாள். ரைஹானத் பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தவள். பெண்பிள்ளைக்கு இதற்குமேல் என்ன படிப்பு என்று அவளுடைய வாப்பா கேட்டார். அது கேள்வியே அல்ல, பூட்டு என்று அவளுக்குப் புரியச் சில வருடங்கள் ஆயின. புரிந்த பிறகு அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. கலியாணமாகி, பிள்ளை பெற்று, பீடி சுற்றி, ஒருநாள் தனியாக டவுன் பஸ் ஏறிப் பாளையங்கோட்டை நூலகத்துக்குப் போனாள். தெரு பேசியது. புருஷன் வெளிநாட்டில் இருக்க, பொம்பளை பஸ் ஏறி எங்கே போகிறாள் என்று பேசியது. அவள் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்த பிறகும் பேசியது. கண்ணுக்கு முன்னால் இருப்பதை நம்பாமல் காதுக்கு வந்ததை நம்புவது நம் தெருக்களுக்கு வெகுகாலப் பழக்கம்.

வாசிப்பு தொடங்கியது தற்செயலாக. ஒருமுறை ஒரு வாரம் கேபிள் இணைப்பு அறுந்து கிடந்தது. சீரியல் இல்லாமல் கமர் நிஷா வீட்டில் எல்லோருக்கும் கை ஓடவில்லை. ரைஹானத் பையிலிருந்த புத்தகத்தை எடுத்து வாசித்தாள். கேபிள் திரும்ப வந்தபோது அதைப் போடச் சொல்லி ஒருத்தியும் கேட்கவில்லை.

அன்றுமுதல் எத்தனையோ புத்தகங்கள் அந்த அறைக்குள் வந்து போயின. குடும்பப் பெண் எப்படி நடக்கவேண்டும் என்று ஓர் ஆண் எழுதிய புத்தகத்துக்கு மூன்றாம் பக்கத்தில் இலை திரும்பியது. ஒரு துப்பறியும் கதையில் கொலைகாரன் யார் என்று சொல்லும் பக்கத்தை முன்னால் வாசித்த எவனோ கிழித்துக்கொண்டு போயிருந்தான். அவனுக்கு அந்த அறையில் விழுந்த சாபத்தைப் பார்த்தால் அவன் இன்று நன்றாக இருக்க நியாயமில்லை. இன்னொரு நாவலில் ஒரு முஸ்லிம் வந்தான். 'நம்பள்கி, நிம்பள்கி' என்று பேசினான். தாமிரபரணித் தண்ணீர் குடித்துத் தலைமுறை தலைமுறையாகத் தமிழே பேசுகிற அந்தப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "யாரு ளா இவன், எந்த ஊருக்காரன்?" என்று மூத்தவளான மைதீன் பாத்திமா கேட்டாள். நம்ம ஊர்தான் என்று போட்டிருக்கிறது என்றாள் ரைஹானத். ஐந்து பேர் இலையும் ஒரே நேரத்தில் திரும்பியது.

அதனால்தான் அப்பாத்துரையின் நாவல் வந்தபோது அந்த அறையில் அத்தனை கொண்டாட்டம். அப்பாத்துரை பாளையங்கோட்டைக்காரர், ஓய்வுபெற்ற அரசாங்க குமாஸ்தா. பீடி சுற்றும் பெண்களைப் பற்றி எழுதி, அதற்குப் பரிசும் வாங்கியிருந்தார். கதாநாயகி மர்வா முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். படித்த வேகத்தில் பீடிக்கடை முதலாளியைக் கேள்வி கேட்கிறாள். நான்காம் அத்தியாயம் முழுக்க அந்த முதலாளிதான். நல்ல பீடியைக் கழிவு என்று ஒதுக்கி, அதையே மறுபடி நல்ல பீடியாகக் கம்பெனிக்கு அனுப்பும் ஆசாமி. அதை வாசித்த அன்று கமர் நிஷா சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தாள். ஷஃபீகா, ஆறு பேரில் இளையவள், இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லி அடம்பிடித்தாள்.

பிறகு கடைசி அத்தியாயம் வந்தது. ரைஹானத் எந்தப் புத்தகத்தையும் முன்கூட்டிப் புரட்டிப் பார்ப்பதில்லை; மற்றவர்களோடு சேர்ந்துதான் அவளுக்கும் கதை தெரியும். மர்வாவைப் பற்றித் தெரு பேசுகிறது. மர்வா வீட்டுக்குள் முடங்குகிறாள். ஒரு விடியற்காலை கருப்பந்துறைக்கு நடந்துபோய் ஆற்றில் இறங்குகிறாள். தண்ணீர் மூடிக்கொள்கிறது. முற்றும்.

முதலில் ஷஃபீகாவின் இலை திரும்பியது. மற்ற நான்கும் பின்னால் வந்தன.

"எதுக்குட்டி அவள கொன்னான்?" என்றாள் மைதீன் பாத்திமா.

"எனக்கு எப்படித் தெரியும்? எழுதுன ஆளுட்டதான் கேக்கணும்."

"அப்போ போய் கேளு."

பேச்சுக்குச் சொன்னது நிஜமாகவே வாய்த்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் வாசகர் வட்டக் கூட்டம் என்றும், அப்பாத்துரை பேசுகிறார் என்றும் நூலகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஆறு பேரும் போவது என்று முடிவாயிற்று.

அதற்குள் நூர்முகம்மது முந்திக்கொண்டார்.

நூர்முகம்மது பீடிக்கடைக்காரர். ஆறு பேருக்கும் இலையும் தூளும் அவர் கடையில்தான். பீடியைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அங்கேதான். அவருக்கு வாட்ஸ்அப்பில் யாரோ ஒரு சேதி அனுப்பியிருந்தார்கள்: நம் பெண்களைக் கேவலப்படுத்தி ஒரு நாவல் வந்திருக்கிறது, பீடிக்கடைக்காரர்களை அயோக்கியர்கள் என்கிறது. இரண்டாவது விஷயம்தான் அவரைச் சுட்டது; முதல் விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். தடை செய்யக் கோரிக் கலெக்டருக்கு மனு எழுதினார். பீடி கொடுக்க வந்த பெண்களை வரிசையாக நிற்கவைத்துக் கையெழுத்துக் கேட்டார். புத்தகத்தை நீங்கள் படித்தீர்களா என்று ரைஹானத் கேட்டதற்கு, அந்த அசிங்கத்தை நான் எதற்குப் படிக்கவேண்டும் என்றார். ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு வெறுக்கலாம். அதில் நேர்மை இருக்கிறது. படிக்காமல் வெறுக்கிறவனுக்கு எந்தப் புத்தகமாக இருந்தால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தவணை சொன்னார். கையெழுத்துப் போடாதவர்கள் திங்கட்கிழமை இலைக்கு வேறு கடை பார்த்துக்கொள்ளலாம். கமர் நிஷாவின் வீட்டில் வாசிப்பு என்கிற கூத்தும் அன்றோடு நிற்கவேண்டும்.

அன்று மத்தியானம் முன்னறையில் புத்தகம் திறக்கப்படவில்லை. கமர் நிஷாவின் கணவருக்கு நூர்முகம்மது ஒன்றுவிட்ட அண்ணன். அவள் கையைப் பிசைந்தாள். நமக்கும்தான் அந்தப் புத்தகம் பிடிக்கவில்லை, இலையைத் திருப்பிவிட்டோம், கையெழுத்தைப் போட்டால் என்ன கெட்டுவிட்டது என்றாள். கேட்பதற்கு நியாயம்போல்தான் இருந்தது. மற்றவர்களும் தலையசைத்தார்கள்.

"நமக்கு வந்தது நம்ம கோவம்," என்றாள் ரைஹானத். "அத எடுத்து அவரு சட்டையா மாட்டிக்கிடப் பாக்காரு. கடைசி அத்தியாயம் பொய்யி. அதுக்காக நாலாவது அத்தியாயத்தையும் சேத்து எரிக்கச் சொல்லுதியளா?"

நான்காம் அத்தியாயம் என்றதும் ஷஃபீகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கமர் நிஷா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கையெழுத்துப் போடுவதில்லை என்று ஆயிற்று. பயம் மட்டும் போகவில்லை. இலை இல்லாவிட்டால் அடுப்பு எரியாது என்பது ஆறு பேருக்கும் தெரியும்.

ஞாயிறு மாலை, ஆறு பேரும் போயிருந்த கூட்டம் பாதியில் இருக்கும்போது நூர்முகம்மது பத்துப் பன்னிரண்டு இளைஞர்களோடு அரங்கத்துக்குள் நுழைந்தார். இரண்டு பேர் பேனர் பிடித்திருந்தார்கள். எங்கள் பெண்களை இழிவுபடுத்தாதே என்று கோஷம் போட்டார்கள். மேடையில் அப்பாத்துரைக்கு முகம் வெளுத்தது. கூட்டத்தை முடித்துக்கொள்ளலாம் என்று அமைப்பாளர் மைக்கில் சொல்ல ஆரம்பித்தார். ரைஹானத் எழுந்து போய் அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். பிடுங்கினாள் என்று சொல்கிறவர்களும் உண்டு.

"மாமா, அந்தப் பொம்பளைங்க நாங்கதான். இங்கன உக்காந்திருக்கோம். எந்தப் பக்கத்துல எங்கள இழிவா எழுதியிருக்குன்னு சொல்லுங்க. நானும் உங்களோட சேந்து கத்துதேன்."

நூர்முகம்மது எல்லாப் பக்கத்திலும்தான் என்றார்.

"அப்போ ஒரு பக்கத்த வாசிக்கேன். கேளுங்க."

கமர் நிஷாவின் வீட்டில் வாசிக்கும் அதே குரலில், அவசரமில்லாமல், நான்காம் அத்தியாயத்தை வாசித்தாள். 'முதலாளி ஒவ்வொரு கட்டையும் மூக்கருகே கொண்டுபோவார், தூளின் மணத்தைச் சோதிப்பவர்போல. அவர் கண்ணை மூடி மோந்து பார்க்கும் நேரத்தில் நாலு பீடி மேசைக்கு அடியிலிருந்த டப்பாவுக்குள் இறங்கிவிடும். மாலையில் டப்பா நிறையும். பகலில் கழிவாகப் போன பீடிகள், இரவில் குளித்து முழுகி, மறுநாள் நல்ல பீடிகளாகக் கம்பெனிக்குப் புறப்படும்.'

மைதீன் பாத்திமா முதலில் சிரித்தாள். பிறகு மற்ற நான்கு பெண்களும் சிரித்தார்கள். நூர்முகம்மது கூட்டிவந்த இளைஞர்கள் யார்? பீடி சுற்றி வளர்த்த தாய்மார்களின் பிள்ளைகள். மோந்து பார்க்கிற முதலாளியை அவர்களுக்கு யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. ஒருவன் உதட்டைக் கடித்தான். பேனரின் ஒரு முனை கீழே இறங்கியது.

"இதுக்கா மாமா எங்கள கூட்டிட்டு வந்திய?" என்றான் அதைப் பிடித்திருந்தவன்.

நூர்முகம்மது போலீஸ், கலெக்டர் என்று ஏதோ சொல்லிக்கொண்டே வெளியேறினார். அவரோடு போனவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் பேனரைச் சுருட்டிச் சுவரில் சாய்த்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

அரங்கம் கை தட்டியது. அப்பாத்துரை எழுந்து நின்று கண் கலங்க ரைஹானத்தைக் கும்பிட்டார்.

"கை தட்டாதிய, இன்னும் முடியல," என்றாள் ரைஹானத். "சார், இப்ப உங்ககிட்ட வாரேன்."

கும்பிட்ட கை அப்படியே நின்றது.

"மர்வாவ எதுக்கு சார் கொன்னிய?"

வாழ்க்கையில் அப்படித்தானே நடக்கிறது என்றார் அப்பாத்துரை. துயரத்தைத் துயரமாகத்தானே எழுதவேண்டும், சமூகத்தின் கொடுமையைக் காட்டவே அந்த முடிவு என்றார். மேடையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

"என்னையும் தெருவுல பேசுனாங்க. நான் ஆத்துல இறங்கல. பெரிய பையா ஒண்ணு வாங்குனேன், நாலு புத்தகம் வைக்கிற மாதிரி." அவள் குரல் உயரவில்லை. "வாயத் தொறந்த பொம்பள நாசமாப் போவான்னு அங்கன எல்லாவனும் சொல்லுதான். நீங்களும் அதையே முந்நூறு பக்கத்துல சொன்னா, உங்களுக்கும் அவங்களுக்கும் என்ன வித்தியாசம்? மர்வா செத்தத வாசிச்சு நாங்க அழல, சார். எங்கள ஏமாத்திட்டியன்னு கோவம்தான் வந்துது. நாங்க சாகலையே. ஆறு பேரும் உயிரோட வந்து உக்காந்திருக்கோம், பாருங்க."

ஐந்து பெண்களும் யாரும் சொல்லாமலே எழுந்து நின்றார்கள்.

அப்பாத்துரை அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் பொய் சொல்லவில்லை.

"அவள வச்சு அதுக்குமேல என்ன செய்யணும்னு எனக்குத் தெரியலம்மா," என்றார். "அதான் கொன்னுட்டேன்."

அரங்கமே சிரித்தது. ரைஹானத்தும் சிரித்தாள். அடுத்த பதிப்பு வருவதற்குள் மேலப்பாளையத்துக்கு வாருங்கள், அவள் என்ன செய்வாள் என்று ஆறு பேரும் சொல்கிறோம், ஆனால் நாங்கள் சொல்வதை அப்படியே எழுதவேண்டாம், யோசித்து எழுதுங்கள் என்றாள். இந்தத் தடவை எழுந்த கைதட்டலை அவள் தடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு பேரும் ஒன்றாகக் கடைக்குப் போனார்கள். ஒருத்திக்கு இலை இல்லை என்றாலும் ஆறு பேரும் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவது என்று வழியிலேயே பேசிக்கொண்டார்கள். போய்ப் பார்த்தால், அரங்கத்தில் நடந்ததை ஊரே செல்போனில் பார்த்திருந்தது. கடை வாசலில் நின்ற பெண்கள் இவர்களுக்கு வழி விட்டார்கள். இன்னும் இருபது முப்பது பேர் பின்னால் வந்து நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. மேசையில் மனுவைக் காணோம்.

நூர்முகம்மது தலை நிமிரவில்லை. பழக்கதோஷத்தில் முதல் பீடிக்கட்டை எடுத்தார்.

"மூக்குக்கிட்ட கொண்டு போகாம எண்ணுங்க, மச்சான்," என்றாள் கமர் நிஷா.

அவர் எண்ணினார். அன்று ஒரு பீடிகூடக் கழியவில்லை. ஆறு பேருக்கும் இலை நிறுத்துப் போட்டார். பின்னால் நின்றவர்களுக்கும் போட்டார்.

மத்தியானம் முன்னறையில் இடம் போதவில்லை. புதிதாக வந்த நாலு பேர் சுளவோடு வாசற்படிவரை உட்கார்ந்திருந்தார்கள். ரைஹானத் புதுப் புத்தகம் ஒன்றைப் பிரித்தாள். முதல் பக்கம் முடிவதற்குள்ளேயே மைதீன் பாத்திமாவுக்கு அந்த எழுத்தாளர்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"பைய வாசி," என்றாள். "இவன் யாரைக் கொல்லப் போறான்னு பாப்போம்."