அட்டையில் இல்லாத வரி

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில், ஸ்டேப்ளர் பின் டப்பாவுக்கு அடியில் ஓர் அட்டை கிடக்கிறது. பஸ் பாஸ் வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் அடங்கும்படி கத்தரித்த அட்டை. நீல மசியில் என் கையெழுத்தில் பதினோரு ஆங்கில வாக்கியங்கள். ஒவ்வொன்றின் கீழும் அதன் உச்சரிப்பு, பென்சிலில், பொடித் தமிழ் எழுத்தில். 'ஐ கேம் டு தி கேட் அட் எய்ட்.' 'ஐ வாக்டு அரவுண்டு தி பில்டிங் அட் டென்.' பென்சில் எழுத்து எங்கள் செக்யூரிட்டி அண்ணாவுடையது. பதினொன்றையும் இன்றைக்கும் பார்க்காமல் ஒப்பிப்பேன். ஒப்பிக்கத்தான் மனம் வருவதில்லை.

தொம்மலூரில் ஒரு நாலு மாடிக் கட்டடம் எங்கள் அலுவலகம். நான் அங்கே அட்மினில் சேர்ந்தபோது அவர் வாசலில் ஆறு வருஷம் நின்று முடித்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து இருபது வயதில் வந்தவர். டெலிவரி ஆட்களோடு கன்னடம், டிரைவர்களோடு உருது, என்னோடு தமிழ் என்று நாக்கு எங்கேயும் தடுக்காது. எழுதச் சொன்னால் தமிழ் மட்டும்தான்; ஆங்கிலம் எழுத்துக் கூட்டி வாசிக்கிற அளவோடு சரி. வீடு பின்தெருவில், நடந்தால் ஏழு நிமிஷம். மனைவி பக்கவாதத்தில் படுத்த படுக்கை. மத்தியானம் ஒரு மணிக்கு ஓடுவார். அந்த அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்து, கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, இரண்டு மணிக்கு முன்னால் கேட்டில் நிற்பார். அந்த ஏழு நிமிஷ தூரத்தை நம்பித்தான் அவர் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் புது உத்தரவு வந்தது. செக்யூரிட்டி ரிஜிஸ்டரை இனி ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், வாராவாரம் ஸ்கேன் செய்து மேலே அனுப்ப வேண்டும் என்று. அன்று சாயங்காலம் தொப்பியைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"இங்கிலீஷ்ல எழுத வரலன்னா ஊருக்கு வெளிய நெலமங்கலா கோடவுனுக்கு மாத்திடுவாங்களாம்மா. அங்க போனா மத்தியானம் அவளுக்கு யாரும்மா கஞ்சி குடுப்பாங்க?"

நானும் தமிழ் மீடியத்தில் படித்தவள்தான். காக்ஸ் டவுனில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் மூன்று மாதம் உட்கார்ந்து ஆங்கிலத்தை வசப்படுத்தியவள். அங்கே எனக்குக் கொடுத்த அதே மருந்தை அவருக்கும் கொடுத்தேன். முதலில் ஆள், அடுத்து முடிந்துபோன வேலை, அப்புறம் எங்கே, கடைசியில் எத்தனை மணிக்கு. வந்தேன் கேட்டுக்கு எட்டு மணிக்கு. போனேன் பேஸ்மென்ட்டுக்கு மூன்று மணிக்கு. 'ஐ ஃபவுண்டு நத்திங் இன் தி பேஸ்மென்ட்', அதாவது அங்கே ஒன்றும் தப்பாக இல்லை. அவர் ஒரு நாளில் செய்யக்கூடியதையெல்லாம் பதினோரு வரிக்குள் அடக்கி, ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. நேரத்தை மட்டும் மாற்றி மாற்றி எழுதுவார். ஒரு மாதத்தில் ரிஜிஸ்டர் அச்சடித்த மாதிரி ஆகிவிட்டது. ஃபெசிலிட்டி மேனேஜரே பாராட்டினார். பாராட்டை நான்தான் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் ஒரு வியாழக்கிழமை. வெளியூர் விருந்தினர்களோடு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கு என் ஃபோன் அதிர்ந்தது.

"மேடம், பேஸ்மென்ட்ல பேட்டரி ரூம் கிட்ட வயர் கருகுற மாதிரி நாத்தம் வருது. கதவு பூட்டி இருக்கு. எலக்ட்ரீசியன வரச் சொல்லுங்கம்மா."

"மீட்டிங்ல இருக்கேன்ணா. ரிஜிஸ்டர்ல எழுதி வைங்க, வந்து பாக்கறேன்" என்று கிசுகிசுத்துவிட்டு வைத்தேன். வந்து பார்க்கவில்லை. மீட்டிங் முடிந்ததும் விருந்தினர்களுக்கு டாக்ஸி பிடித்துக் கொடுப்பதில் எனக்கு அது மறந்தே போனது. அவர் நான் சொன்னபடி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறார். நாற்றத்துக்கு அட்டையில் வரி இல்லை. பேஸ்மென்ட் என்ற சொல்லோடு இருந்தவை இரண்டே வரிகள். அந்த இரண்டையும் அப்படியே எழுதிவிட்டார். மேடம் வந்து பார்ப்பார், எழுத்து ஒரு சாங்கியம்தானே என்று நினைத்திருப்பார்.

ஐந்தரைக்குப் பேட்டரி அறை பற்றிக்கொண்டது. உயிர்ச்சேதம் இல்லை. புகையில் படியிறங்கி ஓடிய ஒரு ஹவுஸ்கீப்பிங் அம்மாவுக்குக் கால் முறிந்தது.

மறுநாள் மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்து ரிஜிஸ்டரைத் திறந்தார். மூன்று மணி, பேஸ்மென்ட், நத்திங். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டே அண்ணாவைப் பார்த்தார். "ஹேள்தே சார், மேடம்கே ஹேள்தே" என்றார் அண்ணா, கன்னடத்தில். மேடத்திடம் சொன்னேன் என்று, அவ்வளவுதான். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். சொன்னாரா?

அந்த மாதம்தான் எனக்குப் பதவி உயர்வுக்குப் பெயர் போயிருந்தது. அதைக் காரணமாகச் சொல்லக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. "ரிஜிஸ்டர்ல என்ன இருக்கோ அதுதான் சார்" என்றேன். பொய் சொல்லவில்லை என்று வெகுநாள் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். அண்ணா என்னை ஒரு தடவை பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தெருவில் யாரோ தெரிந்தவர் என்று நினைத்துக் கூப்பிடப்போய், இல்லை என்று தெரிந்ததும் முகம் திருப்பிக்கொள்வோமே, அப்படிப் பார்த்தார்.

நெலமங்கலா கோடவுனுக்கே மாற்றினார்கள். கடைசி நாள் சீருடையை ஒப்படைத்துவிட்டு என் மேசைக்கு வந்தார். உறையிலிருந்து தன் அம்மன் படத்தை மட்டும் உருவிக்கொண்டு, அட்டையை உறையோடு வைத்தார். "அங்க இது வேணாம்மா. கோடவுன்ல யாரும் எழுதச் சொல்ல மாட்டாங்க" என்றார். அதைப் பார்க்கத் தெம்பில்லாமல் இழுப்பறையில் தள்ளி மூடினேன்.

நாலு மாதம் கழித்து ஒரு மத்தியானம், ஒரு மணிக்கு, அந்தப் பின்தெருவுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா அரிசி களைந்துகொண்டே சொன்னார்: "அந்தம்மா போயி ஒரு மாசம் ஆச்சும்மா. நான்தான் அப்பப்ப போயி பாப்பேன். அன்னிக்கு எனக்கும் ரேஷன் கடையில லேட் ஆயிடுச்சு. வந்து பாத்தா, கஞ்சி டம்ளர் அப்பிடியே இருக்குது. அவரு ரெண்டு பஸ்ஸு மாறி வர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுச்சு." அண்ணா வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாராம். எந்த ஊர் என்று பக்கத்து வீட்டம்மாவுக்குத் தெரியவில்லை. அத்தனை நாள் தினமும் அவரோடு பேசிய எனக்கும் திருவண்ணாமலைப் பக்கம் என்பதற்கு மேல் தெரியவில்லை.

இப்போது எங்கள் கேட்டில் ரிஜிஸ்டரே கிடையாது. செக்யூரிட்டி கையில் ஒரு ஃபோன். எல்லாம் சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு என்று இரண்டு பொத்தான்கள். யாரும் வாக்கியம் எழுதத் தேவையில்லை. எனக்கு மூன்றாவது மாடியில் பெரிய மேசை கிடைத்தது. சாமான்களை மாற்றியபோதுதான் அந்த அட்டையை முதன்முதலாகத் திருப்பிப் பார்த்தேன். அம்மன் படம் மறைத்துக்கொண்டிருந்த பின்பக்கம். அங்கே பென்சிலில், நடுங்குகிற பெரிய ஆங்கில எழுத்துகளில், நான் எழுதிக் கொடுக்காத ஒரு வரி இருந்தது. ஆள், முடிந்துபோன வேலை, எங்கே, எத்தனை மணிக்கு என்று எல்லாம் நான் சொன்ன வரிசையில்.

'ஐ டோல்டு மேடம் ஆன் தி ஃபோன் அட் த்ரீ.'

அதில் திருத்த ஒன்றுமே இல்லை. மேனேஜர் கேட்டபோது நான் சொல்லியிருக்க வேண்டியதும் அந்த ஒரு வரிதான். அட்டையை மறுபடியும் முன்பக்கமாகத் திருப்பி, பின் டப்பாவுக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன்.