சோகைக்குள் நின்ற கார்

என் அக்கா செந்தமிழ்ச்செல்வியை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்பு, நாலு வயதில், பக்கத்து வீட்டு தெய்வசிகாமணி பெரியப்பாவின் காருக்குள் சிக்கிச் செத்துப்போனாள். இது அந்தப் பெரியப்பாவின் கதை. அவரைத் திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது அவ்வளவு சுலபமாக இல்லை.

தியாகதுருகம் பக்கம் அவரைத் தெரியாதவர்கள் கம்மி. பதினோரு வருஷம் அடுத்தவர் காரை ஓட்டி, பிறகு சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கி வாடகைக்கு விட்டவர். வெள்ளிமலைக்கு சவாரி என்றால் மற்ற டிரைவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், இவர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒருமுறை மலைப்பாதை வளைவில், பின் சீட்டில் இருந்த குழந்தை விளையாட்டாகக் கதவைத் திறந்துவிட்டது. தாய் சட்டையைப் பிடித்து இழுத்ததால் தப்பியது. மறுநாளே பெரியப்பா பின்கதவு இரண்டிலும் உள்பக்கக் கைப்பிடியைக் கழற்றிவிட்டார். அவர் இறங்கி வந்து வெளியிலிருந்து திறந்தால்தான் உண்டு. "நம்ம வண்டியில கொழந்தைங்க பத்திரம்" என்று ஸ்டாண்டில் பெருமையடித்துக்கொள்வார்.

எண்பத்தேழு செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்திருந்தார்கள். என் அப்பா ராஜாங்கமும் மறியலுக்குப் போனார். காரைக் கண்டால் கொளுத்திவிடுவார்கள் என்று யாரோ பெரியப்பாவிடம் கிளப்பிவிட, அவர் காரைக் கொல்லையில் மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு, கூரை வேய வைத்திருந்த கரும்புச் சோகையை, அந்தக் காய்ந்த தோகையை, மேலே குவித்து மூடினார். முன்கதவுகளைப் பூட்டினார். சுவர்ப்பக்கப் பின்கதவை மட்டும் பூட்டவில்லை. அந்தச் சந்துக்குள் யார் நுழையப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார். கேட்டவர்களிடமெல்லாம் கார் சேலத்தில் நிற்பதாகச் சொன்னார்.

நாலாம் நாள் காலை, களையெடுக்கப் போன அம்மா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த அக்காவை அப்படியே விட்டுவிட்டு அப்பா மறியலுக்குக் கிளம்பிவிட்டார். பத்து மணிக்கு அவளைக் காணவில்லை. ஊரே தேடியது. மறியலில் இருந்த இளவட்டங்கள் ஓடிவந்து கிணறு கிணறாக இறங்கினார்கள். பெரியப்பாவும் ஒரு கிணற்றில் இறங்கினார். வெயில் கொளுத்தியது. காரில் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஊருக்குத்தான் கார் சேலத்தில் நின்றதே!

பிற்பகல் இரண்டு மணிக்குப் பெரியப்பா சோகையைக் கலைத்தார். சந்துப்பக்கக் கதவைத் திறந்து ஏறியிருந்த அக்கா, உள்ளிருந்து திறக்கக் கைப்பிடி இல்லாமல், இரண்டு சீட்டுக்கும் நடுவே சுருண்டு கிடந்தாள். மூச்சு லேசாக இருந்தது. அவளையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு அதே காரில் கள்ளக்குறிச்சிக்குப் பறந்தார். அவர் பயந்த மாதிரி யாரும் ஒரு கல்கூட எறியவில்லை. மறியல்காரர்களே மரத்தை உருட்டி வழிவிட்டார்கள். உருட்ட முடியாத இடத்தில் காரை வயலில் இறக்கித் தள்ளி ஏற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போனது. ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர்.

அந்த வார மறியலில் போலீஸ் சுட்டு இறந்தவர்களுக்கு இன்றும் வருஷா வருஷம் மாலை போடுகிறார்கள். என் அக்கா எந்தப் பட்டியலிலும் இல்லை. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அவளைக் கொன்றவர் அப்பா. அம்மா அதை அவர் முகத்துக்கு நேரே சொல்வாள், அவரும் தலையைக் குனிந்துகொள்வார். பெரியப்பாதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய மகராசன். பொங்கலுக்கு எங்கள் வயலின் முதல் கரும்பு அவர் வீட்டுக்குத்தான் போகும்.

அவர் அதற்குப் பிறகு கார் ஓட்டவே இல்லை. ஆனால் நிற்கிற கார் எதையும் எட்டிப் பார்க்காமல் தாண்டமாட்டார். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டப வாசலில், காருக்குள் தூங்கிய குழந்தைக்காகக் கண்ணாடியைக் கல்லால் உடைத்து, கார்க்காரனிடம் அறையும் வாங்கியிருக்கிறார். கிறுக்கு என்று நாங்களே சிரித்திருக்கிறோம்.

போன மாசியில் அப்பா இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒரு மணிக்கே எனக்குக் கார் நெனப்பு வந்துட்ச்சிடா," என்றார். "கெணத்துல தேடிக்கினு இருக்கறப்பவே."

"அப்பறம் இன்னா பண்ணீங்க?"

"ஓடியாந்தேன். கொல்லையில மறியல் பசங்க நின்னுக்கினு இருந்தானுங்க. அவனுங்க எதுர்ல சோகையத் தள்னா கார் போய்டுமேன்னு பயந்துட்டேன். பூட்டுன வண்டிக்குள்ள புள்ள எப்டிப் போவும்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். அவனுங்க கலையற வரைக்கும் நின்னேன்."

"அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"சாவறதுக்கு ரெண்டு நாள் முந்திகூட, நான்தாண்ணா பாவின்னு எங்கையப் புடிச்சிக்கினு அழுதான். இல்லடா, நான்தான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல."

எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. எதிரே நின்றதோ நிற்கக்கூடத் தெம்பில்லாத ஒரு கிழவர். பாவமாகவும் இருந்தது, அந்தப் பாவம் பார்த்ததற்காக என்மேலேயே ஆத்திரமாகவும் இருந்தது. அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. அன்றைக்கே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வீட்டு வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அம்மா எழுந்திருக்கவே இல்லை. அப்பா படுத்திருந்த கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடசி நாளு எங்கிட்டதான் தண்ணி கேட்டாரு," என்றாள். "காதுல வுழுந்துச்சி. நான் குடுக்கல."