தண்ணீர் சாப்பிட்ட கார்

பயப்படுவதில் எனக்கு இயற்கையாகவே ஒரு திறமை உண்டு. மற்றவர்கள் செய்தியைப் படித்துவிட்டுப் பயப்படுவார்கள். நான் பயந்துகொண்டே செய்தியைத் தேடுவேன். அப்படித்தான் எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் அது அகப்பட்டது. பங்க்கில் போடும் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்களாம், பழைய கார்களின் ரப்பர் குழாய்களை அது அரித்துத் தின்றுவிடுமாம். செய்திக்கு அடியில் அழுகிற மூஞ்சிப் பொம்மை வேறு.

என் கார் பழசிலும் பழசு, கார்புரேட்டர் காலத்தது. அது போனால் எனக்கு ஒன்றுமில்லை, மெட்ரோவில் தொங்கிக்கொண்டு போய்விடுவேன். என் மனைவிக்குத்தான் வேறு வழி கிடையாது. இடுப்பில் ஆபரேஷன் ஆனபிறகு அவளால் ஆட்டோவில் ஏற முடிவதில்லை. வாடகைக் காரில் ஏறி இறங்கினால் மறுநாள் படுக்கைதான். இந்தக் கிழட்டுக் காரின் முன்சீட்டில் மட்டும் முதலில் உட்கார்ந்துகொண்டு, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்வாள். சனிக்கிழமை காலையில் டாலிகஞ்ச் வீட்டிலிருந்து லேக் மார்க்கெட். இந்த வங்காளிகள் ஊரில், அங்கே வழக்கமான தமிழ்க் கடைக்காரரிடம் வாழைப்பூவுக்குத் தமிழில் பேரம் பேசிவிட்டு வந்தால் அந்த வாரம் முழுக்க முகம் தெளிவாக இருக்கும். அவள் வீட்டைவிட்டு வெளியே போவதே அதற்குத்தான்.

ஆகவே, குழாய் அரித்துப் போவதற்குள் காரையே எத்தனாலுக்கு ஏற்றபடி மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

"எத்தனால்னா என்னங்க?" என்றாள்.

"தமிழ்ல எரிசாராயம்."

"மோர்ல இஞ்சி கூடினாலே தலை சுத்துதும்பீங்க. இப்ப காருக்கு ஊத்திக் குடுக்கப் போறீங்களாக்கும்!"

ஹவுராவில் ஒரு பட்டறையில் விட்டேன். மிஸ்திரி ரப்பர் குழாய்கள், வாஷர்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றினார். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினார். சாவியைத் தரும்போது பக்கத்தில் லேத் அலறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே வங்காளத்தில் ஏதோ கத்தினார். என் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "ஜொல் காபே... ஃபுல்..."

ஜொல்காபார் என்றால் இங்கே டிபன். பாவம், காலையிலிருந்து வேலை செய்த மனுஷன், பசிக்கிறது போலிருக்கிறது, அதுவும் ஃபுல் பிளேட்! தெருமுனைக்கு ஓடினேன். சுடச்சுடக் கச்சோரி, உருளைக்கிழங்குக் கறி, ஜிலேபி. பட்டறையில் இருந்த அத்தனை பேருக்கும் வாங்கி வந்தேன். மிஸ்திரி கொஞ்சம் முழித்தார். பிறகு கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வங்காளிகளின் மனசு எனக்குத்தான் புரியும் என்ற பெருமிதத்துடன் பாலம் கடந்து வந்தேன்.

அப்புறம் மழை பிடித்தது. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். சனிக்கிழமைகள் வந்து வந்து போயின. டாங்க்கின் அடியில் கொஞ்சம் பெட்ரோலோடு கார் கீழேயே நின்றது.

வெயில் எட்டிப் பார்த்த முதல் சனிக்கிழமை, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். உட்கார்ந்தாள், கால்களை இழுத்துக்கொண்டாள், பையை மடியில் வைத்தாள். சாவியைத் திருப்பினேன். கார் இருமியது. மறுபடி திருப்பினேன். இருமலும் இல்லை. பானட்டைத் திறந்து உள்ளே பார்த்தேன். எதைப் பார்ப்பது என்று தெரியாது, ஆனால் எல்லோரும் பார்க்கிறார்களே. மூடினேன், திறந்தேன், ஸ்டெப்னியைக்கூடத் தட்டிப் பார்த்தேன்.

"ஸ்டெப்னியை எதுக்குங்க தட்டறீங்க?" என்றாள். "மெதுவாப் பாருங்க. நான் உக்காந்திருக்கேன்."

வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தாள்.

போன் செய்ததும் மிஸ்திரி வந்து, டாங்க்கில் இருந்ததைப் பிளாஸ்டிக் பாட்டிலில் வடித்தார். மேலே பெட்ரோல், அடியில் தண்ணீரும் சாராயமுமாகக் கலங்கி ஒரு படலம்.

"தாதா, அன்னிக்கே சொன்னேனே! ஜொல் காபே. டாங்கி ஃபுல் ராக்பேன்."

தாதா என்றால் அண்ணன், ஜொல் என்றால் தண்ணீர். வங்காளத்தில் தண்ணீரைக் குடிப்பதில்லை, சாப்பிடுவார்கள். எத்தனால் ஈரக்காற்றிலிருந்து தண்ணீரைச் சாப்பிடும், மழைக்காலத்தில் டாங்க்கை நிரப்பியே வையுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

"நீங்க உடனே கச்சோரி வாங்கிட்டு வந்தீங்களா, உங்களுக்குப் புரிஞ்சிடுச்சு, அந்தச் சந்தோஷத்துல வாங்கியிருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றார் வங்காளத்தில். பிறகு குரலைத் தாழ்த்தினார். டாங்க் உள்ளே துருப்பிடித்துவிட்டது, பம்ப்பும் கார்புரேட்டரும் அரித்துப் போய்விட்டன, இந்த மாடலுக்குப் பழைய இரும்புக் கடையில்கூட சாமான் கிடைக்காது. "காரைத்தான் அங்க அனுப்பணும், தாதா."

இதையெல்லாம் அவளிடம் நடித்தே காட்டினேன். லேத் மாதிரி கத்தினேன், கச்சோரியோடு ஓடினேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஊருக்கெல்லாம் வாங்கினீங்களே, எனக்கு ஒண்ணு கொண்டாந்தீங்களா?"

நான் மறுபடி லேத் மாதிரி கத்த ஆரம்பித்தேன்.

அடுத்த சனிக்கிழமை நான் மட்டும் மெட்ரோவில் போய் வாழைப்பூ வாங்கி வந்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நம்ம கடையிலதான?"

"ஆமா."

"என்ன, ஆளையே காணோம்னு என்னைக் கேட்டாரா?"

கேட்டார் என்றேன். கடையில் அன்றைக்கு வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.