குதிகாலில் நடக்கச் சொன்ன பிலோமி அக்கா

புதன்கிழமை கொடைக்கானல் பஸ்ஸிலிருந்து பிலோமி அக்கா இறங்கவில்லை. கண்டக்டர்தான் இறங்கி வந்தார். "அந்தம்மா இனி வராதுங்க. நேத்து வெள்ளனே நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சு போச்சாம்." பூம்பாறை நூலக வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரும் உடனே எழுந்து போகவில்லை. எழுவதே அவர்களுக்குப் பெரிய வேலை.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டாள். நான் இதை எழுதுவது அவளுக்குத் தெரியாது.

பிலோமி அக்கா பிசியோதெரபிஸ்ட். புதன்கிழமைதோறும் எங்கள் ஊர் நூலகத்துக்கு வருவார். வந்தவர்களை முதலில் நடக்க வைத்துப் பார்ப்பார். நுனிக்காலில் பத்து அடி, குதிகாலில் பத்து அடி. நுனிக்காலில் நின்றால் கெண்டைக்கால் தசைக்குப் பலம் இருக்கிறது. குதிகாலில் நடக்கும்போது பாதம் மேலே நின்றால் முன்பக்கத்துத் தசை வேலை செய்கிறது. என் பெரியப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "சந்தையில மாடு பாக்குற மாதிரில்ல நடக்க விடுற" என்றார். "மாடுன்னா பல்லையும் பாப்பேன் பெரியப்பா. உங்ககிட்டதான் அது இல்லையே" என்றார் அக்கா. பெரியப்பா வாயை மூடிக்கொண்டு நடந்தார்.

எங்கள் ஊரில் கால் வலித்தால் காலுக்குத்தான் எண்ணெய். நீவிச் சுளுக்கு எடுத்துவிட்டு, மறுநாள் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பூண்டு மூட்டை தூக்கப் போவோம். "கத்துறது காலு. கடிக்கிறது இடுப்புல இருக்கு" என்று அக்கா எத்தனை பேரிடம் சொன்னாரோ தெரியாது.

ஒருநாள் அம்மாவின் முதுகில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக் காட்டினார். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கயிறு போல ஓடும் தசைகள் நம்மை நிமிர்த்திப் பிடிப்பதற்கு. குனிந்து எழும்போது பாரத்தைத் தூக்க வேண்டியது புட்டத்துத் தசையும் தொடைத் தசைகளும். உடம்பிலேயே பெரிய தசை புட்டத்தில்தான் இருக்கிறதாம். "பெரிய ஆளைச் சும்மா விட்டுட்டு, பிடிச்சு நிக்குறவனைத் தூக்கச் சொன்னா அவன் எத்தனை நாளைக்குத் தாங்குவான்? முட்டியை மடக்குங்க" என்றார். அம்மா சரி என்றாள். மறுநாள் தோட்டத்துச் சரிவில் முட்டியை மடக்க இடமில்லை. பழையபடியே குனிந்துதான் தூக்கினாள்.

போன மாதக் கடைசியில் என் வலது செருப்பின் நுனி தேய ஆரம்பித்தது. "காலைத் தூக்கி வச்சு நடடி" என்று அம்மா திட்டினாள். தூக்கத்தான் பார்த்தேன். சென்ற வாரம் பள்ளி விட்டு வரும்போது அக்கா என்னைக் கூப்பிட்டுக் குதிகாலில் நடக்கச் சொன்னார். ஆறாவது அடியில் வலது பாதம் தொங்கிவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. என் முதுகை அழுத்திப் பார்த்தார்.

"தசை நல்லாத்தான் இருக்கு. அதுக்குச் சேதி வரலை. இடுப்புல நரம்பு நசுங்குதுன்னு நெனைக்கிறேன். மதுரையில ஸ்கேன் எடுக்கணும். இனி மூட்டை தொடாதே."

"பூண்டு எடுப்பு முடியட்டும்க்கா. நான் தூக்கலைன்னா அம்மா ஒத்தையா தூக்கணும்."

"பாதம் முழுசா விழுந்துட்டா திரும்ப வர்றது கஷ்டம். அடுத்த புதன் வரைக்கும் பாப்பேன். நீ அம்மாகிட்ட சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

செவ்வாய்க்கிழமை அவர் இறந்துபோனார். கண்டக்டர் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. இனி யாரும் அம்மாவிடம் சொல்ல மாட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அன்று சாயங்காலமும் நான்கு மூட்டை தூக்கினேன். ஐந்தாவது மூட்டையின் மேல் உட்கார்ந்தபோதுதான் அழுகை வந்தது.

அதற்கப்புறம் நான்கு நாட்களாகத் தினமும் கதவிலிருந்து அடுப்புவரை குதிகாலில் நடந்து பார்க்கிறேன். நேற்று நாலாவது அடியில் பாதம் விழுந்தது. இன்றைக்கு மூன்றில்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இந்த நடை ஒன்றுதான். வாயால் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக் காலையில் அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்திருப்பாள். கதவருகில் நின்று, "இங்க பாரும்மா" என்று மட்டும் சொல்வேன். பிறகு அவளைப் பார்த்து நடப்பேன். மூன்று அடி போதும்.