நாலரைக் கட்டைத் தீர்ப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஈப்போவில் வார நாள்களில் காப்புறுதி அலுவலகக் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் கர்நாடக சங்கீதத்தின் நீதிபதி. ஒரு தமிழ் நாளிதழின் ஞாயிறு பதிப்பில், புதுக் கேசட்டுகளைப் பற்றியும், கேசட்டாக மறுபிறவி எடுக்கும் பழைய இசைத்தட்டுகளைப் பற்றியும் எழுதிவந்தேன். சங்கீதத்தை முறையாகப் படித்தவனில்லை. தீர்ப்புச் சொல்வதற்கு அது ஒருபோதும் தடையாக இருந்ததில்லை.

கேசட்டுகளை எனக்குத் தந்தவர் டவுனில் இசைக்கடை வைத்திருந்த நண்பர். அறுபதுகளில் வந்து, பிறகு கடைகளில் கிடைக்காமலே போன ஒரு பாடகியின் தட்டைச் சென்னைக் கம்பெனி மறுபடி போட்டதற்குக் காரணம் இவர் விடாமல் எழுதிய கடிதங்கள்தான். அதே பாடகிக்கு இன்னும் இரண்டு தட்டுகள் உண்டு. முதல் கேசட் மலேசியாவில் விற்றால்தான் அவை வரும் என்று கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது.

அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. நான் வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். எழுபதுகளிலும் அங்கே மின்சாரம் சாயங்காலத்தில் மட்டும்தான். அது வந்ததும் தோட்டத்து அலுவலகக் கணக்கரான கிராணியார் தம் வீட்டு ரெக்கார்டு பிளேயரில் அந்தத் தட்டைப் போடுவார். ஒலிபெருக்கி வழியே தொழிலாளர்களின் லயத்து வீடுகள் எல்லாம் கேட்கும். கோயில் பஜனைக்கு ஆர்மோனியம் வாசித்த நான் அந்தக் குரலோடு சேர்ந்து வாசித்துப் பழகியவன். சுருதி நாலரைக் கட்டை. கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன்.

மறுபதிப்பைக் கேட்டபோது ஆர்மோனியம் ஐந்து கட்டை என்றது. வேகமும் கூடுதலாக இருந்தது. உடனே எழுதினேன்: ‘வேகத்தைக் கூட்டிப் பதிவுசெய்து, சோகம் ததும்பும் ஒரு குரலைக் கொன்றுவிட்டார்கள். வாங்க வேண்டாம்.’ கோலா கங்சாரிலிருந்தும் பாரிட் புந்தாரிலிருந்தும் ஆதரவுக் கடிதங்கள் வந்தன. எழுதியவர்கள் அத்தனை பேரும் எங்கள் தோட்டத்திலிருந்து பிழைக்கப் போனவர்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

கடைக்குப் போனால் நண்பர் முகம் வாடியிருந்தது.

“கேசட்டு ரோசாக்கு, கெட்டுப்போச்சுன்னு எழுதிட்டீங்கண்ணே. ஒருத்தன் தொட மாட்டேங்குறான். திருப்பி அனுப்பினா அந்த ரெண்டும் வராதுலா.”

“சுருதி விஷயத்துல நான் விட்டுக் குடுக்க முடியாது” என்றேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் எங்கள் பழைய கிராணியார். ஓய்வுபெற்று ஈப்போவில் மகள் வீட்டில் இருந்தார். என் கட்டுரையைப் படித்துவிட்டு, எனக்குச் சாட்சியாக அதே தட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“தம்பி எழுதினது நூத்துக்கு நூறு சரி. போட்டுப் பாருங்க, தெரியும்.”

நண்பர் போட்டார். கேசட்டில் இருந்த அதே வேகம். அதே ஐந்து கட்டை.

“உங்க பிளேயரு கெட்டுப்போச்சு” என்றார் கிராணியார்.

நண்பர் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் புத்தம்புது பிளேயர் ஒன்றை எடுத்து வைத்தார். அதுவும் ஐந்து கட்டைதான்.

“இதுவும் கெட்டுப்போச்சுங்களா ஐயா?”

கிராணியார் தலையைத் தடவிக்கொண்டார். “நம்ம தோட்டத்துக்குக் கரண்டு குடுத்த இஞ்சினு... எல்லா வீட்டுலயும் லைட்டுப் போட்டா திணறும்லா? பல்பெல்லாம் மங்கிப்போவும். அப்ப தட்டும் மெதுவாத்தானே சுத்தியிருக்கும்?”

நான் கண்ணாடி அலமாரிக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

“இஞ்சினு பாடினதுக்குத்தான் இத்தன வருசமா ரெண்டு பேரும் தலையாட்டியிருக்கீங்க” என்றார் நண்பர்.

மூவரும் மறுபடி முதலிலிருந்து கேட்டோம். இந்த முறை ஆர்மோனியக்காரனாக இல்லாமல், சும்மா கேட்டேன். பாடியது ஓர் இளம்பெண். வெகு உற்சாகமாகப் பாடினாள்.

அடுத்த ஞாயிறு அதை அப்படியே எழுதினேன். ஓரத்தில் நாலு வரி போதும் என்றார் ஆசிரியர். முழுப் பத்தியும் கேட்டு வாங்கினேன். ‘நான் உருகிய சோகம் முழுவதும் ஒரு டீசல் எஞ்சினுடையது. பாடகி குற்றமற்றவர், கம்பெனியும்தான். கடைக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள்.’

அதற்கடுத்த சனிக்கிழமை கடையில் நிற்க இடமில்லை. முன்பு எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்து, இப்போது தொழிற்சாலையில் வேலை செய்யும் அக்கா ஒருவர் கண்ணை மூடிக் கேட்டார்.

“என்னாடி இது, கல்யாணப் பொண்ணு மாதிரி பாடுது!” என்று பக்கத்திலிருந்தவளை இடித்தார். “இத்தன நாளா புருசன் செத்தவன்னுல்ல நெனச்சேன்.” இரண்டு கேசட் வாங்கினார்.

கல்லாவில் உட்கார்ந்து நண்பர் சென்னைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார், மற்ற இரண்டையும் அனுப்பச் சொல்லி. நான் வாயைத் திறந்தேன்.

“எத்தன கட்டைன்னு இப்பவே சொல்லிறாதீங்கண்ணே” என்றார் தலைநிமிராமல். “மொதல்ல வந்து சேரட்டும்.”