சல்லடையின் நாலாவது ரிப்போர்ட்

ஒரு ஃபைலின் தலையில் இருக்கும் நாலு வரிக்காக ஒருத்தியின் விரலை உடைப்பார்களா என்று கேட்டால், உடைப்பார்கள். உடைத்தவன் யாரோ எவனோ இல்லை, கூடப் பிறந்த தம்பி.

அவளுக்குச் சல்லடை என்று பட்டப்பெயர். பகலில் எக்ஸ்ரே சென்டரில் டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் அடிக்கிற வேலை. அதற்குக் கிளம்புமுன் சம்பளமில்லாத இன்னொரு வேலை. வெப்சைட் கட்டுவதற்கென்று பலர் சேர்ந்து எழுதிய மென்பொருள் ஒன்று உண்டு. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம் என்று பொதுவில் விட்டது. அதற்கு ஊர்ப்பட்ட பேர், சைட்டின் தோற்றத்தை மாற்றும் தீமும் கூடுதல் வசதி சேர்க்கும் பிளகினும் செய்து அனுப்புவார்கள். ஒவ்வொரு ஃபைலையும் திறந்து, யார் எழுதியது, எந்த லைசென்ஸில் கொடுத்தது, அது பொது மென்பொருளின் லைசென்ஸோடு ஒத்துப்போகுமா என்று பார்ப்பவர்களில் இவளும் ஒருத்தி. எழுத்துரு, படம், பொத்தான் எதுவும் இவள் கண்ணுக்குத் தப்பாது. 'விற்கக் கூடாது' என்று ஒரே ஒரு ஃபைல் சொன்னாலும் மொத்த மூட்டையும் திரும்பிப் போகும். எழுதியவர் பெயரை அழித்துவிட்டு அனுப்பினாலோ, சாமியாடிவிடுவாள்.

இப்பேர்ப்பட்டவளுக்கு அப்பேர்ப்பட்ட தம்பி. மாடியில் குடியிருந்தான். கோபம் வந்தால் கண்மண் தெரியாது. ஒரு தடவை இஸ்திரிப் பெட்டியை வீசியதில் அவளுக்குத் தோள்பட்டை எலும்பு போனது. இன்னொரு தடவை படியில் தள்ளிவிட்டதில் கணுக்கால். மூன்றாவது, மணிக்கட்டு. மூன்று முறையும் தன் சென்டரிலேயே படம் எடுத்து, 'காரணம்' என்ற இடத்தில் 'வழுக்கி விழுந்தது' என்று தானே அடித்துக்கொண்டாள். படம் எடுக்கிறவர் ஒருநாள், "உங்க வீட்டுத் தரையை மாத்துங்களேன் அக்கா" என்று கிண்டலடித்தபோது இவளும் சேர்ந்து சிரித்தாள்.

தம்பி கிளினிக்குகளுக்கென்று ஒரு தீம் செய்திருந்தான். உறவினர் செய்ததை உறவினர் பார்க்கக் கூடாது என்பது அங்கே விதி. வேறொருவர் பார்த்து அனுமதித்தார். எட்டாயிரம் சைட்டில் ஓடியது. அதைப் பார்த்துத்தான் ஒரு கம்பெனி திங்கட்கிழமை வேலைக்கு வந்து சேரச் சொல்லியிருந்தது.

சனிக்கிழமை காலையில் அவளுக்கு ஒரு மின்கடிதம் வந்தது. 'அந்த தீமில் படங்களை நகர்த்தும் நிரல் நான் எழுதியது. இலவசமாகப் பயன்படுத்தலாம், விற்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். என் பெயரையே காணோம்.' திறந்து பார்த்தாள். பெயரும் நிபந்தனையும் இருந்திருக்க வேண்டிய நாலு வரியில் பொது மென்பொருளின் லைசென்ஸ் ஒட்டப்பட்டிருந்தது.

தம்பியைக் கீழே கூப்பிட்டாள். அவன் மறுக்கவில்லை. பொது லைசென்ஸை மேலே போட்டால் எல்லாம் பொதுவாகிவிடும் என்று நினைத்தானாம். அடுத்தவன் வீட்டு வாசலில் நம் பெயர்ப்பலகையை மாட்டினால் வீடு நமதாகிவிடுமா? அவள் திட்டக்கூட இல்லை. அந்த தீம் மூன்று நாள் பொதுவிலிருந்து இறங்கியிருந்தால் போதும், ஒத்துப்போகிற லைசென்ஸில் வேறு நிரல் இருக்கிறது, நானே உட்கார்ந்து மாற்றித் தருகிறேன் என்றாள். ஆனால் அந்த மூன்று நாளும் 'நீக்கப்பட்டது' என்று எல்லோர் கண்ணிலும் படும். கம்பெனிக்காரர்கள் கண்ணிலும்தான். கடிதத்தை அழி என்றான் அவன். அக்காவாக இருந்துகொண்டு நான் முடிவு சொல்ல முடியாது, ஃபைல் பார்க்கிற வேறொருவருக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

அவ்வளவுதான். அவள் வலது கையை முறுக்கி இழுத்து, திறந்திருந்த இரும்பு மேசை டிராயருக்குள் திணித்து, காலால் உதைத்து மூடினான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. இரண்டாவது உதையிலேயே எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. பாவி, அதற்குப் பிறகும் உதைத்தான். சத்தம் கேட்டு ஓடிவந்த அவள் புருஷனை நாற்காலியால் முகத்தில் அடித்தான். அவர் வாயிலிருந்து இரண்டு பல் தரையில் விழுந்தது. கம்ப்யூட்டரைத் தூக்கிச் சுவரில் எறிந்தான்.

அவள் மேசைக்கடியில் சரிந்து கிடந்தாள். இடது கையில் போன். ரத்தத்தில் வழுக்கி வழுக்கிக் கட்டைவிரல் நழுவியது. துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். கடிதம் அந்த வேறொருவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு விலாவில் எட்டி உதைத்தான். புருஷன் அவன் கால்களைக் கட்டிக்கொண்டு தொங்கியதால் இன்னொரு உதை விழவில்லை.

கோணிக் கிடந்த விரல்களைப் பார்த்ததும் அவனுக்கு வெறி இறங்கிவிட்டது. தேம்பி அழுதான். அவனே அவளைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் உட்காரவைத்து, அவள் சென்டருக்கே கொண்டுபோனான். முந்தைய மூன்று முறையும் இப்படித்தான். வழியெல்லாம் ஒரே மன்றாட்டு.

"டிராயர் தானா மூடிக்கிச்சுன்னு சொல்லிடு அக்கா. கேஸாயிட்டா என் வாழ்க்கையே போயிடும்."

விரல் மூன்று, விலா ஒன்று. டாக்டர் சொல்லச் சொல்ல இடது கையால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். வேறு யாராவது அடிக்கட்டுமே என்று டாக்டர் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். காரணம் என்ற இடம் வந்ததும் டாக்டர் வழக்கம்போல நிறுத்திக்கொண்டார். பின்னால் தம்பி அவள் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தான்.

ஊரார் ஃபைலிலெல்லாம் செய்தவன் பெயரைத் தேடியவள், தன் ஃபைல் மூன்றிலும் செய்தவன் பெயரைத் தானே அழித்திருக்கிறாள். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

'கையை இரும்பு டிராயரில் வைத்து மூன்று முறை உதைத்தது. செய்தவர்: உடன்பிறந்த தம்பி' என்று அடித்தாள். கீழே அவன் முழுப்பெயரையும் போட்டாள்.

அவன் குனிந்து படித்தான். "என் பேரை எடுத்துடு அக்கா. உன் கால்ல விழறேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "டாக்டர், என்னோட பழைய ரிப்போர்ட் மூணு இருக்கு. அதையும் திருத்தணும்" என்றாள்.